டீச்சர் சொன்ன நாள்

"அந்தப் பக்கம் இல்லக்கா, இடப்பக்கமா திருப்பு," என்றான் தம்பி, கட்டிலில் படுத்தபடியே.

டீச்சர் குளியலறைக் குழாயின் தலையில் ஸ்பேனரை மாட்டிக்கொண்டு நின்றாள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவளுக்கு அந்த நேரத்தில் இடம் எது வலம் எது என்று குழம்பியது. கதவு திறந்திருந்ததால் அங்கிருந்து தம்பியின் முகம் தெரிந்தது. மஞ்சள் பூத்த முகம். கண்ணை மூடிக்கொண்டு, உலோகம் உரசும் சத்தத்தை வைத்தே அவள் எவ்வளவு திருப்பியிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தான். தேய்ந்துபோன ரப்பர் வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு இறுக்கியதும் மூன்று நாளாக விடாமல் விழுந்துகொண்டிருந்த சொட்டு நின்றது.

"பாஸ் பண்ணிட்ட," என்றான். "ரிட்டையர் ஆனவங்களையும் எங்க தொழில்ல சேத்துப்போம்."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நாளைக்கு இந்த வேலையெல்லாம் நீயே எழுந்து செய்வாய் என்றாள். அவன் உதட்டை உள்ளுக்கு இழுத்துக் கடித்துக்கொண்டான்.

அன்று நாற்பதாம் நாள். கல்லீரலில் தொடங்கிய நோய் மற்ற இடங்களுக்கும் போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய வாரம், டீச்சர் சபை ஆராதனையில் எழுந்து மைக்கை வாங்கி, நாற்பதாம் நாள் என் தம்பி இந்த வாசல் வழியாக நடந்து வருவான் என்று அறிவித்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரமானது. அன்றிலிருந்து பகலெல்லாம் அவளுக்கு வெறும் தண்ணீர். காலை ஆறு மணிக்கெல்லாம் தம்பி வீட்டில் ஆஜர். ஒரு மணி நேரம் அவன் நெற்றியில் கைவைத்து ஜெபம். அவள் ஜெபித்தால் பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவை நிறுத்திவிடுவார். பயமா மரியாதையா என்று அவருக்கே தெரியாது.

வீட்டில் சில வார்த்தைகளுக்குத் தடை விதித்திருந்தாள். சாவு, கல்லறை, கடைசியாக. ஒருநாள் தம்பி, "அக்கா, நான் போனப்புறம்..." என்று ஆரம்பித்தபோது அவன் வாயை உள்ளங்கையால் மூடினாள். அவிசுவாசமாகப் பேசாதே என்றாள். பத்தாவது படிக்கும் அவன் மகளிடம், அப்பா முன்னால் கண் கலங்கினால் ஆண்டவரைச் சந்தேகப்படுகிறாய் என்று அர்த்தம் என்று சொல்லி வைத்திருந்தாள். அதன்பின் அந்தப் பெண் அப்பாவின் அறைக்குள் வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தம்பிக்கும் ஜெபத்துக்கும் நடுவே என்ன இருந்தது என்பது டீச்சருக்குப் பிடிபட்டதே இல்லை. ஊரில் பாதிக் குழாய்கள் அவன் கை பட்டவை. சபையில் அவனைப் பைப்காரர் என்றே கூப்பிடுவார்கள். ஒருமுறை போதகர் அவனை எழுந்து ஜெபிக்கச் சொன்னார். "ஆண்டவரே, எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆமென்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சருக்கு மானம் போயிற்று. வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தாள். தெரிந்தவரிடம் போய் எதற்கு இழுத்துச் சொல்வது என்றான் அவன். விசுவாசத்தில் இவன் இன்னும் பால்குடிப் பிள்ளை என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள். அந்த எண்ணம் மாறவேயில்லை.

எட்டு மணிக்கு நர்ஸ் வந்தாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து பார்த்துப் போகிறவள். நாடி பிடித்தாள், பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையைச் சரிசெய்தாள். பிறகு டீச்சரை அடுக்களைப் பக்கம் வரும்படி கண்ணைக் காட்டினாள். அலமாரியிலிருந்து பழுப்பு நிற வலி மருந்து பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"டீச்சர், இது போன வாரமே தீர்ந்திருக்கணும். பாதிக்கு மேல இருக்கு."

டீச்சருக்கு விளங்கவில்லை. தம்பி மனைவி அடுப்பருகே திரும்பி நின்றிருந்தாள். தையல் மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து சற்றே கூனிய முதுகு. நர்ஸ் அவளைப் பார்த்து, ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டாள்.

"குடுத்தா வேண்டாங்கறாரு," என்றாள் அவள், திரும்பாமலே. "காலையில அத குடிச்சா தூங்கிடுவேன், அக்கா வர்றப்ப முழிச்சிருக்கணும்னு சொல்லி. அவ நாப்பது நாள் முடியட்டும்னு."

டீச்சர் பாட்டிலை வாங்கி மேடைமேல் வைத்தாள். தம்பி மனைவி இப்போது அவள் பக்கம் திரும்பினாள்.

"வலி தாங்காம தலையணைய வாயில வச்சு கடிச்சுக்கறாரு, அண்ணி. நீங்க வர்ற சத்தம் கேட்டதும் எடுத்துடுவாரு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்டயும் மககிட்டயும் சத்தியம் வாங்கிட்டாரு."

இன்னும் ஒரு பகல் தாண்டுவது கஷ்டம், கையும் காலும் சில்லிட ஆரம்பித்துவிட்டது என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னாள். வலியோடு போக வேண்டாமே என்றும் சொன்னாள். மருந்தை அளக்கும் சின்ன மூடியைக் கழுவி வைத்துவிட்டு, பக்கத்துத் தெருவில் இன்னொருவரைப் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள்.

டீச்சர் அடுக்களை ஸ்டூலில் உட்கார்ந்தாள். கணக்கில் விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்குத் தகுந்த மாதிரி வழிமுறையை இழுத்துப் பொருத்தும் பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு பேராவது இருப்பார்கள். அந்தத் தாள்களில் அவள் சிவப்பு மையால் ஒரே கோடாக அடித்துவிடுவாள். விளக்கம்கூடக் கேட்கமாட்டாள். நாற்பது நாளும் தான் செய்தது என்ன என்று இப்போது யோசித்தாள். நாற்பது என்ற எண் எங்கிருந்து வந்தது? ஆண்டவர் தன்னிடம் சொன்னாரா? நேர்மையாக யோசித்துப் பார்த்தால், மைக்கைப் பிடித்த அந்தக் கணத்துக்கு முன்னால் அந்த எண் அவள் மனதில் இருக்கவேயில்லை.

பாட்டிலையும் மூடியையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அவள் கையில் இருந்ததைத் தம்பி பார்த்தான்.

"போட்டுக்குடுத்துட்டாங்களா?" என்றான்.

"எனக்காக எதுக்குடா வலிய தாங்கிக்கிட்ட?"

"நீ அவ்வளவு பேர் முன்னாடி சொல்லிட்ட." மூச்சு வாங்கிக்கொண்டான். "நான் நடுவுலயே போயிட்டா நீ ஆண்டவர் மேல கோவப்பட்டுடுவியோன்னு. அதான் பயம்."

டீச்சர் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நகங்களுக்கு அடியில் எத்தனை தேய்த்தும் போகாத கறுப்பு. நாற்பது நாளாக அவன் சார்பில் ஆண்டவரிடம் எவ்வளவோ பேசியிருந்தாள். அவனிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"பயமா இருக்காடா?"

"இருக்கு. வலிக்கறப்ப ரொம்ப." தலையணையில் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். "முதல்ல பயம் போகட்டும், அப்புறம் அவர் கையப் பிடிச்சுக்கலாம்னு இருந்தேன். பயம் போகவே இல்ல. சரி, பயத்தோடயே பிடிச்சுக்கிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல."

தன் ஜெபம் அவனுக்குக் கஷ்டமாக இருந்ததா என்று டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சேச்சே. உன் குரல் பிடிக்கும்." அவன் முகத்தில் சிரிப்பின் சாயல் வந்தது. "ஆனா சில வீட்டுக்காரங்க வேலை நடக்கறப்ப என் தலைமாட்டுலயே நிப்பாங்க. இந்தப் பைப்ப மாத்து, அந்த இடத்த உடைன்னு. அடைப்பு எங்கன்னு எனக்குத்தானேக்கா தெரியும். உன் ஜெபம் கேக்கறப்ப, பாவம் அவருன்னு தோணும்."

டீச்சர் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கண்ணீரும் வந்துவிட்டது. அவள் தடுக்கவில்லை. கதவருகே நின்றிருந்த மகள் அத்தையின் கண்ணீரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அனுமதி கிடைத்தவள்போல அப்பாவின் கட்டிலுக்கு ஓடிவந்து காலடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மருந்தைக் குடிப்பதற்கு முன்னால் மனைவியிடமும் மகளிடமும் கொஞ்சம் பேச வேண்டும் என்றான். டீச்சர் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே அரைமணி நேரம் பேச்சுச் சத்தம் கேட்டது. ஒருமுறை மூன்று பேரும் சிரித்ததும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. இந்த அரைமணி நேரத்தை எத்தனை நாளாக நான் மறித்துக்கொண்டிருந்தேன் என்ற நினைப்பு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

கதவு திறந்தபோது டீச்சரே மூடியில் மருந்தை அளந்தாள். நர்ஸ் எழுதி வைத்திருந்த அளவை இரண்டு தடவை சரிபார்த்தாள். அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். வழக்கம்போல நெற்றியில் கைவைத்து மண்டியிட்டாள். வார்த்தை வரவில்லை. அடுக்கடுக்காக வந்துகொண்டிருந்த வார்த்தைகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. அவன் மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகச் சீராவதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஆண்டவரே, இவன் உங்க பிள்ளை," என்றாள் கடைசியில். "என் தம்பியும்கூட. உங்களுக்கு எது சித்தமோ..."

மேலே போக முடியவில்லை. "ஆமென்," என்று அவன்தான் முடித்து வைத்தான்.

பத்து மணிக்கு ஜெபக்குழுப் பெண்கள் ஐந்து பேர் வந்தார்கள். சபைக்கு அழைத்துப் போவதற்கு ஒரு வேனைக்கூடத் தெருமுனையில் நிறுத்தியிருந்தார்கள். டீச்சர் வாசலிலேயே அவர்களைச் சந்தித்தாள். உள்ளே அவன் தூங்குகிறான், இன்றைக்குச் சத்தமான ஜெபம் வேண்டாம் என்றாள். என்ன டீச்சர், இன்றைக்குத்தானே அந்த நாள் என்று ஒருத்தி கேட்டாள். பேக்கரி வைத்திருப்பவள், நாற்பது நாளும் கூடவே உபவாசம் இருந்தவள். அவளிடம் பொய் சொல்ல டீச்சருக்கு மனம் வரவில்லை.

"அவன் போய்க்கிட்டிருக்கான்மா. நான்தான் வழியில நின்னுட்டேன்."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி, கடைசி நிமிடத்தில் விசுவாசத்தை விட்டுவிடலாமா என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. அன்று காலைவரை டீச்சரே சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் அது. பேக்கரிக்காரி மட்டும் வேனுக்குத் திரும்பிப் போகாமல், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

மதியம் இரண்டே முக்காலுக்கு அவன் போனான். மனைவி இடப்பக்கம், மகள் வலப்பக்கம், டீச்சர் கால்மாட்டில். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போய், ஒரு தடவை அடுத்த மூச்சு வராமலே இருந்தது. வருமென்று மூவரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்திருந்த நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

பிறகு செய்ய வேண்டியதெல்லாம் நடந்தது. போன்கள் போயின. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டார். தம்பியோடு வேலை பார்த்த இரண்டு பேர் வந்து கட்டிலை அறையிலிருந்து கூடத்துக்கு நகர்த்தினார்கள். தம்பி மனைவி வெந்நீர் வைத்து அவன் முகத்தையும் கைகளையும் துடைத்தாள். டீச்சர் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மகள் அடுக்களையில் டீச்சரிடம் வந்தாள்.

"அத்தை, ஆண்டவர் நாப்பதாம் நாள்னு சொன்னதா சொன்னீங்களே."

கேள்வியில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். டீச்சருக்கு வெளியே சொல்லிக்கொள்ளச் சுலபமான பதில்கள் எத்தனையோ இருந்தன. பரலோகத்தின் வாசலுக்கு நடந்து போயிருக்கிறான் என்று சொல்லலாம். சபையிலும் அதை ஒத்துக்கொள்வார்கள், கைகூடத் தட்டுவார்கள்.

"நான் சொன்னேன்டா," என்றாள். "அவர் சொல்லல."

மகள் தலையாட்டினாள். பிறகு அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஐந்து மணிக்குள் வீடு நிறைந்துவிட்டது. காலையில் திரும்பிப் போன பெண்களும் வந்தார்கள். போதகர் கூடத்தின் நடுவில் நின்று, டீச்சர் ஒரு ஜெபம் செய்வார்கள் என்றார். எல்லோரும் தலை குனிந்தார்கள். சிலர் ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார்கள். டீச்சர் எழுந்தாள். தம்பி மனைவியின் அருகே போய், "நீ பண்ணும்மா. உன் வாயால பண்ணு," என்று மட்டும் சொன்னாள். சபையில் ஒருநாளும் வாய் திறந்திராத அந்தப் பெண் மிரண்டு பார்த்தாள். பிறகு கணவனின் நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குக்கூடச் சரியாகக் கேட்காத குரலில் ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

டீச்சர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். படியெங்கும் செருப்புகளும் ஷூக்களுமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. வருகிறவர்களுக்குக் கால் வைக்க இடமில்லை. அவள் குனிந்து, ஒவ்வொரு ஜோடியாகத் தேடியெடுத்துச் சுவரோரம் வரிசையாக வைக்க ஆரம்பித்தாள். படி ஓரளவு காலியானபோது கையில் ஒரு குழந்தையின் செருப்பு மட்டும் மிஞ்சியது. அதன் ஜோடியைக் காணவில்லை. முழங்காலை ஊன்றி, கன்னம் தரையில் படும் அளவுக்குத் தாழ்ந்து, படிக்கு அடியில் கையை நீட்டித் துழாவினாள்.