ஸ்லைடு ஒழிப்புக்கு அறுபது ஸ்லைடு

எங்கள் சேர்மனுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஸ்லைடு போட்டுப் போட்டே கம்பெனி நாசமாகிறதாம். இனி எதுவானாலும் ஒரே தாளில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். இந்த மகத்தான கொள்கையை இயக்குநர்களுக்கு எப்படி விளக்குவது? அறுபது ஸ்லைடு போட்டுத்தான்.

பொறுப்பு, துறைத் தலைவர் பியோ தே-கிலின் தலையில் விழுந்தது. சியோல் வழக்கப்படி அவரைப் பதவி சொல்லி 'பூஜாங்' என்றுதான் கூப்பிட வேண்டும். ஸ்லைடைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது பெரிதாகத் தெரியும் என்பதுதான். செய்தவள் குக் மிரான், ஒப்பந்த ஊழியர். கம்பெனியின் ஸ்லைடு, ஆண்டறிக்கை, விளம்பரப் புத்தகம் எல்லாம் அவள் கைவேலை. கணக்குப் பிரிவில் இருக்கும் எனக்கு அவளுக்கு அடுத்த நாற்காலி.

"நாப்பத்தொண்ணாவதைக் காட்டு" என்று பியோ அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

காட்டினாள். 'சிக்கனம்' என்று தலைப்பு. கீழே, ஸ்லைடு வடிவமைப்பாளர்: 1. ஓர் அம்புக்குறி. பிறகு 0. கம்பெனியின் ஒரே வடிவமைப்பாளர் அவள்தான்.

"அம்பு ஏன் எழவு வீட்டு மூஞ்சி மாதிரி தொங்குது? உற்சாகமா மேல பாத்து வளைச்சு விடு."

"ஒண்ணு சைபராகுது, பூஜாங். மேல பாத்தா எப்படி?"

"கம்பெனிக்கு லாபம்தானே! அந்த ஒண்ணுக்குப் பதிலா ஆள் பொம்மை போடு. மூஞ்சி வேணாம். பாக்கறவங்களுக்குப் பாவமாப் போயிடும்."

"முடி வைக்கலாமா? என்னை மாதிரி?"

"வாயைக் குறை."

மிரான் நாற்காலியைத் திருப்பினாள். "வேற பிரிவுலயாவது போடுங்களேன். நாப்பத்திரண்டு வயசுக்கு வெளிய யாரு வேலை தருவா?"

"கோழி வறுவல் கடை போடு. வேலை போனவங்க எல்லாம் அதைத்தானே பண்றாங்க."

அவள் அம்பை வளைத்தாள். பாழாய்ப்போனது, அழகாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் புள்ளிவிவரக் கட்டோடு நானும் பின்வரிசையில் இருந்தேன். சேர்மன் கடைசிவரை தூங்கவில்லை, அதுவே சாதனை. நாற்பத்தொன்றில் கையை உயர்த்தினார்.

"இவ்வளவு லட்சணமா யாருய்யா செஞ்சது?"

பியோ இடுப்பு ஒடிய வளைந்தார். "அடியேன்தான், சேர்மன். ராப்பகலா உக்காந்து."

"முழுசுமா?"

"ஒவ்வொரு எழுத்தும்."

சேர்மன் திரையைப் பார்த்தார், பியோவைப் பார்த்தார். "அப்ப சைபராகப் போற அந்த ஆள் நீதானா?"

யாரும் சிரிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் முதலில் சேர்மன் சிரிக்க வேண்டும். அவரோ கண் கலங்கினார். "தன் தலையைத் தானே வெட்டித் தட்டுல வெச்சிருக்கான், பாருங்க! மனிதவளத்துல குறிச்சுக்கங்க" என்று கைதட்டினார். நாங்களும் தட்டினோம். சேர்மன் சொல்லைத் திருத்திய ஆள் இன்னும் பிறக்கவில்லை. பியோவும் நிமிராமலே தட்டினார்.

நான் முந்திக்கொண்டு போய் மிரானிடம் சொன்னேன். பின்னாலேயே பியோ மூச்சிரைக்க வந்தார். மரியாதை திடீரென்று முளைத்திருந்தது.

"மிரான், கொஞ்சம் வாங்களேன். நீங்கதான் செஞ்சீங்கன்னு மனிதவளத்துல ஒரு வார்த்தை..."

"எதை, பூஜாங்?"

"அந்த அறுபது ஸ்லைடையும்!"

அவள் வாழ்க்கையில் செய்ததிலேயே உருப்படியான வேலை அது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"எனக்கு ஸ்லைடு போடத் தெரியாதே. நான் சும்மா டைப் அடிக்கிறவ."

"பொய்! இவரைக் கேளுங்க!"

"நான் கணக்குப் பிரிவு, பூஜாங்" என்றேன்.

"ரொம்ப அழகா இருந்துச்சாமே" என்றாள் மிரான். "ஒரு நாள் எனக்கும் கத்துக்குடுங்க."

அவர் போனதும் தன் கணினியில் இருந்த அறுபதையும் அழித்தாள். நாற்பத்தொன்றைக் கடைசியாக.