வலிக்காத கடைசி ஐந்து நிமிடம்

1

இந்தக் கதை என் கழுத்தில் பிறந்தது. தலையில் பிறந்தது என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும், ஆனால் கழுத்தில்தான். குனிந்து எழுதி எழுதி அது பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பிப் பார்க்கவேண்டிய நிலைமை. "எழுதிக் கிழிச்சது போதும், போய்க் காட்டிட்டு வாங்க" என்று வீட்டில் மனைவி துரத்திவிட்டாள். அப்படித்தான் இந்தக் கதைக்கு உரியவளிடம் போய்ச் சேர்ந்தேன்.

அவள் பிசியோதெரபிஸ்ட். ஒரு மாடிக் கட்டிடத்தின் தரைத்தளத்தில் மூன்று கட்டில்கள், நடுவே பச்சைத் திரைகள், சுவரில் ரப்பர் பட்டைகள், மூலையில் ஏறி இறங்கிப் பழக ஒரு மரப்படி. வேலை செய்யும்போது வாயே திறக்கமாட்டாள். என் கழுத்தை அவள் பிடித்துத் திருப்பியபோது, செத்துப்போன சித்தப்பாவெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ஆனால் முடிக்கிற நேரத்தில் கை மாறிவிடும். கடைசி ஐந்து நிமிடம் இழுப்பதில்லை, அழுத்துவதில்லை. சும்மா மெதுவாகத் தடவிக் கொடுப்பாள்.

"இது எதுக்கு மேடம்?"

"இதுல ஒண்ணும் குணமாகாது சார். ஆனா வலியோட எழுந்து போனா நாளைக்கு வரமாட்டீங்க. கடைசி அஞ்சு நிமிஷம் வலிக்கலைன்னா, மொத்தமுமே அவ்வளவா வலிக்கலைன்னு மனசு நெனச்சுக்கும்."

மனதை ஆராய்கிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.*

[* ஒரு வேதனை எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மனம் பெரிதாகக் கணக்கில் வைப்பதில்லையாம். உச்சத்தையும் முடிவையும் மட்டும் முடிந்து வைத்துக்கொள்கிறது. சந்தோஷத்துக்கும் ஏறக்குறைய இதே கதிதான். நமக்குள் வாழ்கிற ஆள் ஒருவன், ஞாபகம் வைத்துக்கொள்கிற ஆள் இன்னொருவன். முதல் ஆள் வருடக்கணக்கில் சந்தோஷமாக இருந்திருப்பான். ஆனால் "சந்தோஷமா இருந்தியா?" என்று கேட்டால் பதில் சொல்ல எழுந்து வருவது இரண்டாவது ஆள். அடைப்புக்குறி என்று இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கதை இதன்மேல்தான் நிற்கிறது.]

அந்த ஐந்து நிமிடத்தில்தான் அவள் பேசுவாள். அதனால் கதை எனக்குத் துண்டு துண்டாகவே கிடைத்தது. உங்களுக்கும் அப்படியே தருகிறேன்.

(இரண்டாம் பகுதியை இங்கே தேடாதீர்கள். அதை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். ஏன் என்பது பின்னால் புரியும்.)

3

"அன்று காலை வானம் மேகமூட்டமாக—"

வேண்டாம். அன்று வானம் எப்படி இருந்தது என்று அவளுக்கே தெரியாது. எனக்கு மட்டும் எங்கிருந்து தெரிந்தது?

"இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் ஒருமுறைகூட முகம்—"

பச்சைப் பொய். சண்டை போடாத வாரமே கிடையாது என்று அவளே சொல்லியிருக்கிறாள். துண்டை நாற்காலிமேல் போடுவதற்குச் சண்டை, ஃபேனை எத்தனையில் வைப்பது என்பதற்குச் சண்டை. சண்டை முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

சரி, அலங்காரமில்லாமல் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். கையைத் தலைக்கு மேலே தூக்கியே வேலை பார்த்ததில் அவருக்கு வலது தோள் இறுகிப்போனது. சட்டை போடவே கஷ்டம். தினமும் காலையில் இருவரும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால், அவரைக் கட்டிலில் படுக்கவைத்து அவள் கையை இழுத்துவிடுவாள். "கட்டிக்கிட்டவளே கையை ஒடிக்கிறா, கேக்க ஆளில்லையா" என்று அவர் பக்கத்து வீடு வரைக்கும் கேட்கிறமாதிரி கத்துவார். பிறகு அந்த ஐந்து நிமிடம் வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். சில நாள் அதிலேயே குறட்டை விட்டுவிடுவார்.

அன்று அவளுக்கு நேரமாகிவிட்டது. வலிக்க வலிக்க இழுத்தாள், கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

"ஏம்மா, அந்த அஞ்சு நிமிஷம்?"

"அதெல்லாம் வெளி ஆளுங்களுக்கு. நாளைக்கு வராம போயிடுவாங்களோன்னு பண்றது. நீங்க எங்க போயிடப் போறீங்க?"

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தபடி, "சரி, போ" என்றார்.

மத்தியானம் போய்விட்டார். வேலை நடந்த கட்டிடத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், சுவரில் சாய்ந்தார், அவ்வளவுதான். இதயம் நின்றுவிட்டது. அதற்கும் தோளுக்கும் சம்பந்தமே இல்லை என்றார் டாக்டர். அவளும் தொழில் தெரிந்தவள், ஒப்புக்கொண்டாள். அவள் துக்கம் அதுவல்ல.

4

எது என்று நான் விளக்கப் பார்த்தேன், நாலு பக்கம் ஓடிவிட்டது. கிழித்துவிட்டேன். அவளே ஒரு வரியில் சொன்னாள்.

"எதை நெனச்சாலும் கடைசில அந்தச் சுளிச்ச மூஞ்சிதான் சார் வருது."

கல்யாணமான புதிதில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை ஒருநாள் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அந்த லிஃப்டுக்குள் அவர் சிரித்த முகத்தைத் தேடினாளாம், கிடைக்கவில்லை. அங்கேயும் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். இருபது வருடத்தையும் அந்த ஒரு காலைப்பொழுது தின்றுவிட்டது. புருஷன் போனது ஒரு துக்கம். அவரோடு சந்தோஷமாக இருந்ததும் சேர்ந்து போனது அதைவிடப் பெரிய துக்கம் என்று எனக்குப் பட்டது.

நாத்தனார் வந்து ஆறுதல் சொன்னாள். "அண்ணன் எதையும் மனசுல வெச்சுக்கற ஆளா அண்ணி? வாசப்படி தாண்டறதுக்குள்ள மறந்திருப்பாரு."

"அவர் மறந்திருப்பாரு. நான்ல வெச்சுக்கிட்டிருக்கேன்."

அவரோடு வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் உண்டு. கடைசி நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். சாவு வீட்டில் அழுதாரே தவிர எதுவும் பேசவில்லை. அவரிடம் கேட்க அவளுக்குப் பயம். "என் பொண்டாட்டி இப்படிப் பண்ணிட்டாடான்னு சொல்லியிருந்தா?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த ஐந்து நிமிடம் அவள் கையில் அடங்காமல் போயிற்று. நோயாளிகளைத் தடவிக்கொண்டே இருப்பாள். வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். "ஒருத்தருக்கே பொழுதுக்கும் பண்ணிட்டிருந்தா எப்படிம்மா?" என்று நிலையத்து முதலாளி திரைக்கு வெளியே நின்று கேட்டதை நானே படுத்துக்கொண்டு கேட்டேன். அவள் கை நிற்கவில்லை.

5

நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் கேட்டாள். "முடிவை மட்டும் மாத்தி எழுதிக் குடுங்க சார். பொய்னு எனக்குத் தெரியும். ஆனா திரும்பத் திரும்பப் படிச்சா, மனசு அதையே கடைசின்னு எடுத்துக்காதா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் எழுத்தை ஒரு ஆள் மருந்தாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

முடிவு ஒன்று: மத்தியானம் அவர் போன் செய்கிறார். "அன்பே, காலையில் நடந்ததை நான் மறந்தே—"

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "வேலை நேரத்துல அவர் போனைத் தொடவே மாட்டாரு சார். கையெல்லாம் கிரீஸா இருக்கும். அப்புறம் இது என்ன, அன்பேன்னு? யார்கிட்டப் பேசறாரு?"

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. இரண்டு நாள் உட்கார்ந்து முடிவு இரண்டை எழுதினேன். சாப்பாட்டு நேரம். அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே கூட்டாளியிடம் சிரிக்கிறார். "எல்லாருக்கும் உண்டு, எனக்கு மட்டும் அந்த அஞ்சு நிமிஷம் கிடையாதாம்டா. நான் எங்கயும் போகமாட்டேன்னு அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை."

கட்டிலில் உட்கார்ந்தபடி அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் மாறியது. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"இது அவரேதான். இப்படித்தான் பேசுவாரு." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யார் சார் சொன்னாங்க? அவர் கூட்டாளியைப் பாத்தீங்களா? நிஜமாவே இப்படிச் சொன்னாராமா?"

பொய் என்று தெரிந்துதான் கேட்டு வாங்கினாள். நன்றாக எழுதித் தொலைத்துவிட்டேன், அதுதான் வினை.

6

வாசகரே, நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

"ஆமாம்" என்றிருக்கலாம். இருபது வருடமும் அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்கும். காலமெல்லாம் பொய் எழுதிப் பேர் வாங்கியவன் நான், அன்றைக்குப் பார்த்து வாயில் உண்மை வந்து நின்றது.

"இல்ல மேடம். நானா எழுதினது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். காகிதத்தை மடித்து என் சட்டைப் பைக்குள் வைத்தாள். "படுங்க" என்றாள். அன்றைக்கு அழுத்தம் கொஞ்சம் அதிகம்தான். எல்லாம் முடிந்து, எழுந்திருக்கப் போனேன். தோளில் கை வைத்து மறுபடி படுக்கவைத்தாள்.

"இருங்க சார். கடைசி அஞ்சு நிமிஷம்."

அவளுக்கு அப்படியொரு வலியைக் கொடுத்தவனுக்கு, அந்த ஐந்து நிமிடத்தையும் குறைவில்லாமல் கொடுத்தாள். திரைக்குப் பின்னால் நான் அழுதேன். எழுத்தாளன் அழுதான் என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று இந்த வரியை அடித்தேன், பிறகு திரும்ப எழுதினேன்.

என் கழுத்து சரியாகிவிட்டது. நான் இப்போது அங்கே போவதில்லை. கணவரின் கூட்டாளியை அவள் போய்ப் பார்த்தாளா, அவர் என்ன சொன்னார் என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். பயத்தை விட்டுப் போயிருந்தால் நல்லது. போகாமலே இருந்தாலும் அவளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அந்த முடிவை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

அவள் ஞாபகத்தை என்னால் மாற்ற முடியவில்லை. உங்கள் ஞாபகம் என் கையில் இருக்கிறது. கதை சுளித்த முகத்தில் முடிந்தால், நீங்களும் அதையேதான் கொண்டுபோவீர்கள். அதனால்தான் இரண்டாம் பகுதியை எடுத்து வைத்தேன். அவள் பாதியில் நிறுத்திய இடத்திலேயே நானும் நிறுத்துகிறேன். அதற்குப் பிறகு எதுவும் படிக்காமல் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

2

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதிதாகச் சரிசெய்த லிஃப்டை மனைவிக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவளை ஏற்றிக்கொண்டு பெருமையாகப் பொத்தானை அமுக்கினார். பாதி வழியில் அது நின்றுவிட்டது.

"இது நீங்க சரிபண்ணினதா?"

"இது... சோதனைக்காக நிக்கும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். விக்கல் வந்தும் நிற்கவில்லை. கோபப்படப் பார்த்தார், முடியாமல் அவரும் சிரித்தார். தரையிலேயே உட்கார்ந்தார்கள். அவள் பையில் ஓர் ஆரஞ்சுப் பழம் இருந்தது. அவர் உரித்தார், சுளைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்தார், கடைசிச் சுளையை அவள் கையில் வைத்தார். லிஃப்ட் முழுக்க ஆரஞ்சு வாசனை.

வெளியே கூட்டாளி கதவைத் தட்டினார். "உள்ளயா இருக்கீங்க? திறக்கட்டுமா?"

அவர் அவளைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சுத் திறக்கச் சொல்லுங்க" என்றாள் அவள்.