சுலோசனாவுக்கு வந்த சாமி

சுனாமிக்கு அடுத்த வருஷம் மரக்காணம் உப்பளத்தில் சுலோசனாவுக்கு அடிக்கடி சாமி வந்தது. உப்புக்கூடையைப் போட்டுவிட்டு வேலிகாத்தான் புதருக்கு ஓடுவாள். மழை எப்போது என்று குறி கேட்க, முதலாளி ராஜாங்கம் கற்பூரத்தோடு பின்னாலேயே ஓடுவார்.

அது சாமி இல்லை என்று கூட வேலை செய்த எனக்கு மட்டும் தெரியும். பிரசவத்தில் கிழிந்ததிலிருந்து அவளுக்கு மலம் அடங்குவதில்லை. முட்டினால் ரெண்டு நிமிஷம் தாங்காது. ஊர் சிரிக்குமே என்று பயந்து முதல் நாள் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். பாவி, வேறு பொய்யே கிடைக்கவில்லையா?

இப்போது புதரைச் சுற்றிலும் கும்பிட்ட கைகள். "பொன்னி, நாளையிலேர்ந்து நான் வேலைக்கு வரல. மானம் போயிடும்" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. இருபது பெண்கள் வேலை செய்யும் வெட்டவெளியில் ஒரு மறைப்பு கட்டுங்கள் என்று எத்தனை வருஷம் கேட்டிருப்போம்! "உப்பளத்துல எதுக்கும்மா அதெல்லாம்?" என்பார் ராஜாங்கம்.

நேரே அவரிடம் போனேன்.

"ஐயா, ஆத்தா தனி இடம் கேக்குறா. நாலு பக்கமும் கீத்து, ஒரு தொட்டி தண்ணி, ஆழமா ஒரு குழி. எட்டிப் பாத்தா கண்ணு போயிடுமாம்."

"குழி எதுக்கும்மா?"

"அத ஆத்தாகிட்டயே கேளுங்க."

ரெண்டே நாளில் கட்டிவிட்டார்.

அடுத்து அவளை நர்ஸ் கீதாஞ்சலியிடம் இழுத்துப் போனேன். "இதுல வெக்கம் என்னா? தசை கிழிஞ்சிருக்குது. காத்து அடக்குற மாதிரி இறுக்கிப் பிடிச்சு விடு, தினமும் செய். காலையில சாப்பிட்டதும் போய் உக்காரு. குறையலன்னா பாண்டிச்சேரிக்கு எழுதித் தரேன், தைச்சு விடுவாங்க" என்றாள். மூன்று மாதத்தில் சாமி வாரத்துக்கு ஒரு தடவையாகக் குறைந்தது. அதற்குள் மற்ற பெண்களுக்கெல்லாம் வர ஆரம்பித்திருந்தது.

ஒரு மத்தியானம் கூனிமேட்டுக் கல்யாணத்தில் பிரியாணியை வெளுத்துக் கட்டிவிட்டு வந்த ராஜாங்கம் வரப்பில் அப்படியே நின்றுவிட்டார். வேர்த்த முகம், இறுக்கிய கால். அந்த நிற்பு சுலோசனாவுக்குத் தெரியாதா?

"என்னாங்க, சாமியா?"

தலையை மட்டும் ஆட்டினார்.

"ஓடுங்க. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றவள், யாரும் பின்னால் போகாதபடி கீற்று வாசலில் காவலுக்கு நின்றாள்.

வெளியே வந்தவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவர் கற்பூரம் கொண்டுவந்ததே இல்லை.