இருபதாவது வாஷர்

பர்ல் கடையில் பந்தய எஞ்சின் கட்டுகிறவர்களில் நான்தான் பொல்லாதவன். யாராவது ஒரு எஞ்சினை மூடிவிட்டு நிமிர்ந்தால், அவர் காலடியில் ஒரு வாஷரைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். எதிலிருந்து விழுந்ததோ என்று அவர் முகம் வெளுப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை. அயோவாவில் எங்கள் தொழிலில் இந்த விளையாட்டு எல்லோருக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் அதிகம்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் வெர்னாவின் மேஜைக்கு அடியில் கிடந்த வாஷரை மட்டும் நான் போடவில்லை.

அது வெர்னா தன் கையால் கட்டிய முதல் எஞ்சின். அதுவரை எஞ்சின் பாகங்களைக் கழுவிக்கொண்டிருந்தவள். ஒரு குறை வந்தாலும் திரும்பக் கழுவத்தான் போகவேண்டும் என்று சொல்லித்தான் முதலாளி பர்ல் அந்த வேலையைக் கொடுத்திருந்தார். மறுநாள் பந்தயத்தில் அதை ஓட்டப்போகிறவன் அவள் அண்ணன் ஆரின். ஏற்றிப்போக வண்டியோடு வாசலில் நின்றான்.

வாஷரைத் தடவிப் பார்த்தேன். கருப்பு, கனமானது, கிரீஸ் காயவில்லை. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாப்டை அமுக்கிப் பிடிக்கும் மூடிகளின் இருபது நட்டுகளுக்கு அடியில் போடுவது. ஒன்று விட்டுப்போனாலும் முறுக்கை அளக்கும் ரெஞ்ச் சரி என்றுதான் கிளிக் அடிக்கும், பிடிதான் இருக்காது. முழு வேகத்தில் கிராங்க் கழன்றால் ஆரின் சுவரில்தான் போய் நிற்பான்.

"வெர்னா, இது உன்னோடது."

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கிரீஸ் வேற தடவிட்டியா? தேறிட்ட, லைல்."

"சத்தியமா நான் போடலை."

"போன தடவையும் சத்தியம்தான் பண்ணின."

பர்ல் சிரித்தார். "டேய், வேற ஆளைப் பாருடா. அவ இப்ப உஷாராயிட்டா."

எரிச்சலாக வந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை உண்மை சொன்னால் இந்த மரியாதை. எஞ்சினைத் தூக்கும் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். என்னைத் தள்ளாமல் யாரும் அதைத் தூக்க முடியாது.

ஆரின் பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்தான். "நீ பெரிய புளுகன்தான். ஆனா அதுக்குள்ள உட்காரப்போறது நான். வெர்னா, திற."

"அண்ணா, இவன் பேச்சைக் கேட்டா சாயங்காலப் பயிற்சி போயிடும்."

"போகட்டும். திற."

எஞ்சினை ஸ்டாண்டில் தலைகீழாகத் திருப்பி, எண்ணெய்த் தொட்டியைக் கழற்றினோம். பர்லும் ஆரினும் வாசல் பக்கம் போய்ப் பயிற்சி போனதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் விளக்கைப் பிடித்தேன். வெர்னா நட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வந்தாள். நடு மூடியின் இடது நட்டில் விரல் நின்றுவிட்டது. அதற்கடியில் வாஷர் இல்லை. நட்டு மூடியை அரைத்து வளையமாக ஒரு தடம் போட்டிருந்தது.

பர்ல் இங்கே பார்த்தால் அவள் எஞ்சின் கட்டுவது இன்றோடு முடிந்தது.

வாஷரை அவள் உள்ளங்கையில் அழுத்திவிட்டு, கடை அதிரச் சிரித்தேன்.

"இருபதும் இருக்கு! நல்லா ஏமாந்தீங்களா?"

ஆரின் என் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். பர்ல் என் அப்பனிலிருந்து திட்ட ஆரம்பித்தார். "திங்கட்கிழமை இங்க வந்துடாத. வந்தா காலை உடைப்பேன்." நான் இளித்துக்கொண்டே நின்றேன். அந்த முகத்தை வைத்துக்கொள்ள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"பிரிச்சது பிரிச்சாச்சு," என்றாள் வெர்னா, எஞ்சின் மேலிருந்து தலையைத் தூக்காமலே. "எல்லாத்தையும் தளர்த்தி இன்னொரு தரம் முறுக்கிடறேன்."

"முறுக்கு, முறுக்கு," என்றார் பர்ல். "வேலைன்னா இப்படிப் பார்க்கணும். இந்தக் கழுதையும் இருக்கே!"

என் பெட்டியை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனேன். அவள் நிமிர்ந்தாள். ஒரு வார்த்தை சொல்வாள் என்று நினைத்தேன்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனா, லைல்?" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். கத்திக்கொண்டே, உள்ளங்கையில் மறைத்திருந்த வாஷரை அந்த இடது நட்டுக்கடியில் போட்டு முறுக்கினாள்.