உங்க தம்பியா?

மருந்து கம்பெனியிலிருந்து புதிதாக வந்த ரெப், பையை மேஜைமேல் வைத்ததும் கடைக்காரம்மாவிடம் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ஏணியில நிக்கிறவரு உங்க தம்பியாம்மா?"

ஏணியில் நின்றவர் அவள் கணவர். வயது அறுபத்திரண்டு. மேல்தட்டில் இருமல் மருந்து பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தார். அவரைவிட மூன்று வயது சின்னவளான அவளுக்கு, கேள்வியைவிட அந்தச் சிரிப்புதான் சுருக்கென்று தைத்தது. "என் பொண்டாட்டிப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலித்துவிடும்? அவர் சொல்லவில்லை. கடைசியில் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. ரெப் அசடு வழிந்துகொண்டு மாதிரி மாத்திரைகளை எடுத்து நீட்டினான்.

கல்யாணமான புதிதில் கதையே வேறு. கல்லாவுக்குப் பக்கத்தில் அவள் நின்றால் கடை நிறைந்திருக்கும். மருந்துச் சீட்டை வாங்கும்போதே அவள் கை தானாகச் சரியான பெட்டிக்குப் போகும். இவனுக்கு எப்படி இவள் அமைந்தாள் என்று சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே கேலி பேசுவார்கள்.

ஐம்பதைத் தாண்டியதும் எல்லாம் மாறிப்போயிற்று. மாதவிலக்கு நின்றது, அதோடு தூக்கமும் நின்றது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும்போதே கழுத்தில் வியர்வை வழியும். இடுப்பு பருத்தது, வகிடு அகன்றது, முட்டி பேச ஆரம்பித்தது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டாள். பெயர்கள் மறந்ததைத்தான் தாங்க முடியவில்லை. நேற்றுவரை விற்ற மாத்திரையின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு இறங்க மறுக்கும். எதிரில் நிற்பவர் அவள் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்பார்.

சாருக்கு ஒரு குறையும் இல்லை. தலையணையில் தலை பட்டதும் குறட்டை. காதோரத்தில் மட்டும் கொஞ்சம் நரை, அதுவும் யாரோ பார்த்துப் பார்த்துத் தீட்டியது போல. மாத்திரை அட்டையைக் கண்ணாடி இல்லாமலே பார்த்து எடுத்துக் கொடுப்பார். நாலு பேர் பார்க்கும்படி கொடுப்பார்.

அவள் தன்னால் முடிந்ததைச் செய்தாள். அவருக்கு எடுப்பாக இருந்த நீலச் சட்டையைப் பீரோவின் அடியில் பழைய போர்வைக்குள் சொருகினாள். விருந்தாளிகள் முன்னால், "மாத்திரை போட்டீங்களா?" என்று கரிசனமாகக் கேட்டாள், அவர் எந்த மாத்திரையும் போடுவதில்லை. இந்த மனுஷனுக்கு ஒரு பல்லாவது ஆடக்கூடாதா என்று குளிக்கும்போது நினைத்துக்கொள்வாள்.

ஒரு சாயங்காலம் கடையில் நல்ல கூட்டம். தெருக்கோடித் தச்சர் வழக்கமான ரத்த அழுத்த மாத்திரைக்கு வந்தார். கணவர் ஒரு அட்டையை எடுத்துப் பையில் போட்டு நீட்டினார். பக்கத்து ஸ்டூலில் இருந்த அவள் பார்த்துவிட்டாள். அதே கம்பெனி, அதே நிறம், ஆனால் இரண்டு மடங்கு வீரியம்.

வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

போகட்டுமே என்று தோன்றியது. நாளைக்குத் திரும்பி வந்து நாலு பேர் முன்னால் சத்தம் போடட்டும். சார்தான் தப்பாகக் கொடுத்தார் என்று தெரு முழுக்கச் சொல்லட்டும். தச்சர் மீதிச் சில்லறையை வாங்கினார். படி இறங்கினார். சைக்கிள் பூட்டைத் திறந்து மிதியில் கால் வைத்தார்.

"அண்ணே, நில்லுங்க!"

முட்டியை மறந்து அவள் ஓடினாள். பையை ஏறக்குறையப் பிடுங்கினாள். மாத்திரை மாறிவிட்டது என்று சொல்லி வேறு அட்டை கொடுத்தாள். தச்சர் பரவாயில்லம்மா என்று கிளம்பிப் போனார்.

கூட்டம் கலைந்ததும் கணவர் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"நான் கொடுக்கும்போதே நீ பார்த்துட்டே, இல்ல?"

"பார்த்தேன்."

"அப்புறம் ஏன் அவரு சைக்கிள் ஏறுற வரைக்கும் சும்மா இருந்தே?"

பெயர் நினைவுக்கு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார்.

"நீங்க மாட்டிக்கணும்னு நினைச்சேன்."

அவர் கத்துவார் என்று காத்திருந்தாள். அவரோ கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு வருஷமாகவே எழுத்தெல்லாம் கலங்கித்தான் தெரிகிறது என்றார். நிறத்தையும் வைத்திருக்கும் இடத்தையும் பார்த்துத்தான் எடுக்கிறாராம்.

"ஏன், கண்ணாடி போட்டா என்ன?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இந்தத் தெருவுல நான் எப்பவும் அந்தம்மாவோட புருஷன்தான். எங்க போனாலும் முதல்ல உன்னைப் பார்ப்பாங்க. அப்புறம் என்னைப் பார்ப்பாங்க, ஏதோ தப்பா மாட்டி வச்ச படத்தைப் பார்க்கற மாதிரி. உன்மேல எனக்கு எவ்வளவு பொறாமை இருந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. இப்பதான் ரெண்டு வருஷமா என்னைப் பார்க்கறாங்க. அந்த ரெப் தம்பியான்னு கேட்டப்போ குளுகுளுன்னு இருந்துச்சு. கண்ணாடி போட்டா எல்லாம் போயிடும்னு பயம்."

"அடப்பாவி மனுஷா" என்றாள் அவள். எரிச்சலோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. ஒரு உயிரை நடுவில் வைத்து இரண்டு கிழங்கள் அழகுப் போட்டி நடத்தியிருக்கின்றன. இனி அவர் எடுத்துக் கொடுப்பதை அவள் படித்துப் பார்க்காமல் ஒரு பைகூடக் கடையை விட்டுப் போகக்கூடாது, அவள் எடுப்பதை அவரும் படிக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தார்கள். மறுநாள் காலையிலேயே அவரைக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கண்ணைச் சோதித்து நாலாம் நாள் கண்ணாடியை வாங்க இருவரும் போனார்கள். கறுப்பு ஃபிரேம். கடைப் பெண் அதை அவர் மூக்கில் சரிசெய்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"சார், காலேஜ் புரொஃபசர் மாதிரி இருக்கீங்க."

உண்மைதான். முன்னைவிட எடுப்பாக இருந்தார். அவர் முகத்தை இடமும் வலமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டபோது அவளுக்கு வயிறு எரிந்தது. பிறகு அவர் அவள் பக்கம் திரும்பினார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளைத் தெளிவாகப் பார்க்கிறார். அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனாள்.

"நீ தூங்கறதே இல்லையா? கண்ணுக்குக் கீழ இப்படிக் கறுத்திருக்கு" என்றார்.

இல்லை என்று தலையாட்டினாள். இத்தனை நாள் அவரிடம் சொல்லாத விஷயம் அது.

திரும்பி வரும்போது அவர் வழக்கம்போல விறுவிறுவென்று முன்னால் போனார். அவள் வழக்கமாக ஏதாவது ஒரு கடையை வேடிக்கை பார்ப்பது போல நின்று மூச்சு வாங்கிக்கொள்வாள். அன்றைக்கு நிற்கவில்லை.

"கொஞ்சம் மெதுவா நடங்க. முட்டி வலிக்குது."

அவர் நின்று கையை நீட்டினார். அவள் பிடித்துக்கொண்டாள். அவள் நடைக்குத் தக்கபடி அவர் நடந்து வந்தார், மூச்சுகூட வாங்காமல். அதைப் பார்க்கவும் அவளுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. தன் கனத்தில் பாதியை அவர் கைமேல் சாய்த்துவிட்டு நடந்தாள்.