எனக்குத் தேர்ந்தெடுத்த வியாதி

கூடத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். மின்விசிறிக்கு நேர் கீழே மச்சாண்டார், அதாவது என் கணவரின் அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். அவருக்கு வலப்பக்கம் அவர் மனைவி, என் ஓரகத்தி. சுவரோரம், நாற்காலியின் நுனியில் பட்டும் படாமலும் என் கணவர். மேசையருகே, எழுதுவதற்காக, நான். உள்ளறையில் இடுப்பு முறிந்து படுக்கையோடு இருக்கும் மாமியார்; அந்த அறைக் கதவு திறந்திருந்தது.

பேச்சு மொரோக்கோவைப் பற்றியது. உரக் கம்பெனியின் தபால் பிரிவில் பத்தொன்பது வருடமாக உறைகளின் மேல் காசாபிளாங்கா என்று எழுதிவருகிறேன். எங்களுக்கு பாஸ்பேட் வருவது அங்கிருந்துதான். அந்த ஊரை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துவிட ஆசை. கல்யாணம், ஆஸ்பத்திரி தவிர நானும் கணவரும் எங்கும் போனதில்லை. மூன்று மாதம் கடிதம் எழுதி ஒரு சுற்றுலாக் குழுவில் இரண்டு இடம் வாங்கியிருந்தேன். அந்தப் பத்து நாள் மாமியாரைப் பார்த்துக்கொள்வதாக ஓரகத்தி வாக்குக் கொடுத்திருந்தாள்.

"அண்ணன் தம்பி நாங்க போயிட்டு வரோம்," என்றார் மச்சாண்டார். "அம்மாவ ஒத்தையா பாத்துக்க முடியாதுங்கறா இவ. நீயும் கூட இரு."

"நீங்களும் அக்காவும் மூணு தடவ ஊர் சுத்தினப்ப நான் ஒத்தையாத்தானே பாத்தேன் மாமா?"

"உனக்குப் பழகிப்போச்சுடி," என்றாள் ஓரகத்தி.

"பாலைவனத்துல உனக்கென்ன வேலை?" என்றார் மச்சாண்டார். "நான்னா சஹாராவ காலைலயே முடிச்சிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ரூமுக்கு வந்துடுவேன்."

"எட்டுப் போட்டுக் காட்டிட்டு வர அது என்ன உங்க டிரைவிங் ஸ்கூல் மைதானமா?"

கணவர் சிரிக்கப் போனவர், அண்ணன் முகத்தைப் பார்த்ததும் இருமிக்கொண்டார்.

பெயரை மாற்ற வேண்டுமானால், இடத்தை விடுகிறவரே காரணம் சொல்லிக் கைப்பட எழுதித் தர வேண்டும் என்பது சுற்றுலா நிறுவனத்தின் விதி. அதற்காகத்தான் எனக்கு அன்று நாற்காலி போட்டிருந்தார்கள்.

"எழுதிக்கோ. உடல்நிலை காரணமாக, மனமுவந்து..." என்றார் மச்சாண்டார். அதுவரை எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.

"எனக்கென்ன உடம்புக்கு?"

"மூட்டு வலின்னு போடு," என்றாள் ஓரகத்தி.

"மூட்டு வலிக்காரியா அக்கா தினமும் மூணு மாடி தண்ணி சுமக்கறேன்?"

"அப்ப ரத்தக் கொதிப்பு," என்றார் மச்சாண்டார். "அது நிஜமாவே இருக்கு. நீ பேசறதுலயே தெரியுது."

"யாருக்குடி உடம்பு சரியில்ல?" என்று உள்ளேயிருந்து மாமியார் கேட்டார்.

நான் கணவர் பக்கம் திரும்பினேன். "நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கால் விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தலைசுத்தல்னு போட்டுடேன். அதுக்கு டாக்டர் சீட்டு கேக்கமாட்டாங்க."

டாக்டர் சீட்டு வரைக்கும் யோசித்து வைத்திருக்கிறார்! அப்படியானால் இது இன்று பேசியதல்ல.

எழுதியதைக் கிழித்தேன். புதுத் தாளில் தேதியிட்டு எழுதி, அலுவலகத்தில் செய்வதுபோல வாய்விட்டுப் படித்தேன்.

"ஐயா, என் இடத்தை விட்டுக்கொடுக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. நான் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறேன். என் கணவர் தம் இடத்தை விட விரும்பினால் அவரே தனியாக எழுதுவார். அவர் வந்தாலும் வராவிட்டாலும் எனக்குத் தனி அறை ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

"தனி அறையா?" என்று கணவர் எழுந்தே விட்டார்.

"அப்ப அத்தைய யாரு பாக்கறது?" என்றாள் ஓரகத்தி.

"நீங்கதான் அக்கா."

"திரும்பி இந்த வீட்டுக்குத்தான் வந்தாகணும். மனசுல வச்சிக்கோ," என்றார் மச்சாண்டார்.

"வருவேன் மாமா. எந்தத் தேதின்னு அவங்க அனுப்பின தாள்லயே போட்டிருக்கு."

தாளை மூன்றாக மடித்து உறையிலிட்டேன். பசையை ஓரம்வரை தடவி, ஒட்டி, அளவுகோலால் அழுத்தித் தேய்த்தேன். செருப்பை மாட்டும்போது வழியில் நின்ற கணவர் விலகவில்லை. நான்தான் சுற்றிக்கொண்டு போனேன். தபால்பெட்டியை மூன்று மணிக்குத் திறப்பார்கள். இரண்டு ஐம்பதுக்குப் போட்டேன்.