திரையைத் தொடாதீர்கள்

சோடாபுட்டியின் வேலை, விரல்களுக்கு வழிகாட்டுவது. தொடுதிரையில் ஒருவர் விரலை வைத்தால், அது எந்தப் பொத்தானின் மேல் விழுந்தது என்று கணக்குப் போட்டு, அந்தப் பொத்தானிடம் ஒப்படைக்கும் நிரலை எழுதினான். ஆனால் அலுவலகத்தில் ஒரு தடவைகூடத் திரையைத் தொட்டதில்லை. மேலாளருக்கு விரல் ரேகை என்றாலே ஆகாது. கையில் எப்போதும் ஈரத்துணி. சுவரில் கொட்டை எழுத்தில் "திரையைத் தொடாதீர்கள்". ஆகவே தொடுதிரை மென்பொருள் முழுவதையும் மவுஸை வைத்தே சோதித்தார்கள். அதுவும் சமர்த்தாக வேலை செய்தது.

சோடாபுட்டி வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் வீட்டில் ரிமோட்டை எடுப்பதற்குக்கூட அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இந்த மென்பொருள் விற்றால் அவன் வேலை நிரந்தரம் என்று மேலாளர் சொல்லியிருந்தார். நிரந்தரமானால் தனிக்குடித்தனம் என்று அவன் மனைவியிடம் சொல்லியிருந்தான். பாவம், அவள் ஜன்னல் திரைச்சீலைக்கு நிறம் வரை முடிவு செய்துவிட்டாள்.

பல் மருத்துவமனையில் செய்துகாட்டும் நாள் வந்தது. டாக்டரம்மாவுக்கு வெள்ளெழுத்து, திரையில் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தார். மேலாளர் தன் பெயரையே நோயாளியாகப் பதிந்துவிட்டு, "பல் சுத்தம்" பொத்தானைப் பெருந்தன்மையாகத் தொட்டார்.

"கடைவாய்ப் பல் பிடுங்க" என்று அச்சுப்பொறியிலிருந்து சீட்டு வந்தது.

சோடாபுட்டிக்கு உடனே விஷயம் பிடிபட்டது. மவுஸ் புது அளவுக்கு மாறிக்கொண்டது. விரல் பழைய அளவிலேயே நின்றுவிட்டது. அதனால்தான் கீழே இருக்கும் பொத்தானுக்குப் போகிறது. பெரிதாக்கி வைத்து ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

மேலாளரோ திரையில் பதிந்த தன் விரல் ரேகையைப் பார்த்தார். பழக்கதோஷம், ஈரத்துணியை எடுத்துத் திரையை அழுத்தித் துடைத்தார். வேர் சிகிச்சை, ஈறு அறுவை, முழுப் பல்செட் என்று சீட்டுகள் சரசரவென வந்து விழுந்தன.

"உள்ள வாங்க சார், நிறைய வேலை இருக்கு போல," என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் மேலாளர் கேட்டார், "யாரு பொறுப்பு?"

பார்வை முதலில் கூட வந்திருந்த குழுத்தலைவர் மேல் விழுந்தது. அவர் சோடாபுட்டியைப் பார்த்தார். அவன் நிரலிலும் இதுதான் விதி: மேலே இருப்பது வேண்டாம் என்றால் தொடுதல் கீழே இருப்பதற்குப் போகும். யாருக்குமே வேண்டாம் என்றால் சத்தமில்லாமல் கரைந்துவிடும். இங்கே அந்தக் கடைசி வசதி இல்லை.

"நீங்கதான சார் தொடக்கூடாதுன்னு..." என்று இழுத்தான் சோடாபுட்டி.

"எதிர்த்துப் பேசாத. நிரந்தரத்த அடுத்த வருஷம் பாப்போம்."

வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். "என்னாச்சுங்க?"

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். அவளுக்குப் புரிந்துவிட்டது, பையை வாங்கிக்கொண்டாள். அவன் கூடத்துக்குப் போய் ஏதாவது பார்க்கலாம் என்று டிவி அருகே கையை நீட்டினான்.

"மாப்ள," என்றார் மாமனார் உள்ளேயிருந்து, "கை வெச்சுடாதீங்க. இப்பத்தான் தொடச்சேன்."